பிலடெல்பியா பாத்து அழுதாச்சு, அடுத்து என்ன? (எய்ட்ஸ் பத்தின நாடகம், படம்)

மயிலை_மணி:
நேத்து நைட்டு பிலடெல்பியா (1993) பாத்தேன். எய்ட்ஸ் வந்தவரா நடிச்ச டாம் ஹாங்க்ஸ் ட்ரிப் ஸ்டாண்டை புடிச்சிக்கிட்டு, ஓபரா பாடகி மரியா காலஸ் பாட்ட டென்சல் வாஷிங்டனுக்கு வரி வரியா சொல்லிக்காட்டுவாரே, அங்க உடைஞ்சுட்டேன். ஆனா ரிவ்யூ தேடிப் படிச்சா பாதி பேரு இது ரொம்ப மென்மையான படம், அந்தக் காலத்து கோபம் இதுல இல்லன்னு திட்றாங்க. சாவு வீட்டுல கோபத்துக்கு என்ன வேலை? நாடகமும் நிறைய வந்துச்சாமே, நம்மால போய் பாக்க முடியாது, படமா எடுத்தது இருந்தா சொல்லுங்க.

மேடைப்பித்தன்:
கோபத்துக்கு என்ன வேலையா, தல, அமெரிக்க நாடக ஆசிரியர் லாரி கிரேமர் பத்தி படிங்க. நியூயார்க்ல 81லேர்ந்து ஆளுங்க கொத்து கொத்தா போயிட்டிருக்காங்க, மேயரும் பெரிய பேப்பரும் அசையல, இவரு வீட்டுல கூடிப் பேசி ஆரம்பிச்ச உதவி அமைப்புலேர்ந்தே இவரு ரொம்ப சண்டை போடுறாருன்னு ஓரங்கட்டிட்டாங்க. அந்த ஆத்திரத்துல எழுதுன நாடகம்தான் தி நார்மல் ஹார்ட், 1985 ஏப்ரல்ல நியூயார்க் பப்ளிக் தியேட்டர்ல மேடையேறுச்சு. செட்டுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, வெள்ளையடிச்ச சுவர்ல எய்ட்ஸ் வந்தவங்க எண்ணிக்கைய எழுதி வச்சிருப்பாங்க, அது ஏற ஏற பழைய நம்பர அடிச்சிட்டு கீழ புதுசு எழுதுவாங்க. டிக்கெட் வாங்கி வந்தவன் அந்த நம்பரப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கணும்.

அதுல ஒரு சீன். நோய் முத்துன காதலன் எதுவும் சாப்பிட மாட்டேங்குறான், நாயகன் நெட் தான் வாங்கிட்டு வந்த சாமானயெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து தரையில வீசுவான், பால் பாக்கெட் உட்பட. அவனுக்கு அழத் தெரியல, அதான் வீசுறான். இத பாத்துட்டு சொல்லுங்க கோபம் வேற துக்கம் வேறன்னு. 2014ல எச்பிஓ டிவிக்கு ரயன் மர்ஃபி படமா எடுத்தாரு, மார்க் ரஃபலோ நெட்டா நடிச்சிருக்காரு. 2011ல பிராட்வேல திரும்ப போட்டப்போ 75 வயசு கிரேமர் தியேட்டர் வாசல்லயே நின்னு, வெளிய வர்றவங்ககிட்ட இது இன்னும் முடியலன்னு நோட்டீஸ் குடுத்துக்கிட்டு இருந்தாராம், மனுஷன் லேசுல விட்டவரே இல்ல.

திருச்சி_ராணி:
மேடைப்பித்தன் தம்பி, கிரேமர் சரி, ஆனா பிலடெல்பியாவ மட்டம் தட்றத நான் ஒத்துக்க மாட்டேன். அது ஏற்கனவே புரிஞ்சவங்களுக்கு எடுத்த படம் இல்ல, எய்ட்ஸ் வந்தவன் கையக் குடுத்தா தன் கைய எங்க துடைக்கிறதுன்னு தேடுற ஆளுக்கு எடுத்தது, டென்சல் பாத்திரமே அந்த ஆள்தானே. அதுல வக்கீலா வர்ற ரான் வாட்டர் நியூயார்க் நாடக நடிகர், நிஜமாவே நோயோட நடிச்சாரு, 1994ல போய்ட்டாரு. குறை இல்லன்னு சொல்லல, ஹாங்க்ஸும் பாண்டெராஸும் ஜோடின்னு சொல்றாங்களே தவிர ஒழுங்கா ஒரு முத்தம் கெடையாது, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடந்துக்குறாங்க.

மணி, உங்களுக்கு வேண்டியது லாங்டைம் கம்பேனியன் படம். 1981 ஜூலைல அந்த நோய் பத்தி நியூயார்க் டைம்ஸ்ல வந்த முதல் செய்திய நண்பர்கள் படிச்சு காட்டிக்கிறதுல தொடங்கும், அப்புறம் வருஷா வருஷம் கூட்டத்துல ஆள் குறைஞ்சிட்டே வரும். புரூஸ் டேவிசன் தன் துணைவர் பக்கத்துல உக்காந்து, போதும் நீ போ, விட்டுருன்னு திரும்பத் திரும்ப சொல்லுவாரு. கத்தல் இல்ல, மியூசிக் இல்ல. எனக்கு பாலை வீசுறதவிட இதுதான் தாங்கல.

நீலவானம்:
ரெண்டு பேருக்கும் நடுவுல இங்கிலீஷ் டைரக்டர் டெரெக் ஜார்மனோட ப்ளூ (1993) படம். கண்பார்வை போய்க்கிட்டு இருந்தப்போ எடுத்தாரு, 79 நிமிஷமும் ஸ்கிரீன்ல வெறும் நீலம்தான், குரலும் சத்தமும் மட்டும். மருந்தோட பக்கவிளைவு லிஸ்டையே படிப்பாங்க, ஆனா சிரிப்பும் வரும். அடுத்த பிப்ரவரில இறந்துட்டாரு. பொறுமை இல்லன்னா தொடாதீங்க.

அப்புறம் எய்ட்ஸ் காலத்துக் கதையான ரென்ட்ங்கற இசை நாடகத்த எழுதுன ஜானதன் லார்சன் எய்ட்ஸ்ல செத்தாருன்னு யாராச்சும் இங்க வந்து அடிச்சு விடுவீங்க, இல்லீங்க, முதல் ப்ரிவ்யூவுக்கு முன்னாடி இதய ரத்தக்குழாய் கிழிஞ்சு போய்ட்டாரு, 1996ல.

கோவைக்காரன்:
நம்ம பக்கம் யாருமே எடுக்கலையான்னு கேக்குறவங்களுக்கு, நம்ம ரேவதி இந்தில ஃபிர் மிலேங்கே (2004) எடுத்தாங்க, வேலைய விட்டுத் தூக்குன பொண்ணு கோர்ட்டுக்கு போறது. அடுத்த வருஷம் ஓனிரோட மை பிரதர் நிகில், கோவாவுல எச்ஐவி இருக்குன்னு ஆள புடிச்சு தனியா அடைச்சு வச்ச காலத்துக் கதை, அக்காவா ஜூஹி சாவ்லா. தமிழ்ல மிருகம் (2007) வந்துச்சு, அதுல நோய் கெட்டவனுக்கு கெடச்ச தண்டனை மாதிரிதான் வரும், அங்கதான் எனக்கு கடுப்பு.

மயிலை_மணி:
@திருச்சி_ராணி அக்கா லாங்டைம் கம்பேனியன் தேடிட்டு இருக்கேன், சப்டைட்டிலோட இன்னும் கெடைக்கல. @மேடைப்பித்தன் அந்த பால் சீன் கிளிப் மட்டும் பாத்தேன், படத்த முழுசா பாத்துட்டு சண்டைக்கு வர்றேன். ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா எப்படி?

மேடைப்பித்தன்:
மைக் நிகோல்ஸ் எடுத்த 2003 எச்பிஓ சீரிஸ் ஆறு மணி நேரம் கிட்ட, ஒரே ராத்திரில உக்காராதீங்க. அல் பசினோ பண்ற ராய் கோன் நிஜ வக்கீல், 86ல எய்ட்ஸ்ல செத்தாரு, கடைசி வரைக்கும் எனக்கு லிவர் கேன்சர்தான்னு சாதிச்சவரு. அவரு டாக்டர்கிட்ட பேசுற சீன் முதல் எபிசோட்லயே இருக்கு, அதுல புடிக்கலன்னா நிறுத்திடுங்க.