பர்ன்ட் எண்ட்ஸ்: கருகிய முனையா, புகைமுறுகலா?

குழுவினருக்கு வணக்கம்.

புகையூட்டிய கறிக்கான சொல்தொகுப்பில் பர்ன்ட் எண்ட்ஸுக்கு (burnt ends: புகையில் நெடுநேரம் வெந்து வெளியே கறுத்து இறுகிய கறித்துண்டுகள்) "கருகிய முனைகள்" என்று குறித்து வைத்திருக்கிறோம். பன்றி வயிற்றுக்கறியை வீட்டிலேயே புகையூட்டிச் செய்யும் வகைக்கு இது பொருந்துமா? பார்க் (bark: கறியின் மேல் காய்ந்து பிடிக்கும் ஓடு), ஸ்டால் (stall: உள்சூடு ஏறாமல் நிற்கும் கட்டம்) இரண்டுக்கும் சொல் வேண்டும். முதலாவதற்குப் "பட்டை" போதும் என்று நினைக்கிறேன்.

————

> கருகிய முனைகள்

இரண்டு பாதியும் பொருந்தவில்லை.

முனைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்காகப் புகையில் வேகவைத்து அரிவார்கள். கொழுப்பு மிகுந்த தடித்த பக்கத்தில் கறுத்து இறுகிய ஓரங்கள் தனியே விழும். ஆர்தர் பிரயன்ட்ஸ் கடையில் அவற்றை வரிசையில் நிற்பவர்கள் சும்மா எடுத்துத் தின்பதைப் பற்றி 1972-இல் எழுத்தாளர் கால்வின் ட்ரில்லின் எழுதினார்; பெயர் ஊர் கடந்தது. அங்கே முனை உண்மையிலேயே முனை. பன்றி வயிற்றுக்கறியில் முழுப் பாளத்தையும் சதுரங்களாக வெட்டிய பிறகுதான் புகையில் வைக்கிறோம். அதில் முனை ஏது?

"கருகிய" இன்னும் மோசம். செய்முறையில் அப்படிப் படித்தவர் உண்மையாகவே கருக்கிவிடுவார். சர்க்கரை கருகினால் கசக்கும். "புகைமுறுகல்" என்று ஒரே சொல்லாக வைக்கலாம். முறுகுவது கருகுவதற்கு முந்தைய பதம்.

————

> புகைமுறுகல்

முறுகல் என்றதும் தோசைதான் நினைவுக்கு வரும். பல்லில் நொறுங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்தக் கறியோ வெளியே பிசுபிசுப்பாகவும் உள்ளே விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவு மிருதுவாகவும் இருக்க வேண்டும். நொறுங்கினால் அது தவறிய பதம். "புகைப்பாகுக் கறி" என்றால் என்ன?

————

நொறுங்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முறுகல் நொறுங்குவதை மட்டும் சொல்லவில்லை. நெய்யை முறுகக் காய்ச்சுகிறோம், நெய் நொறுங்குவதில்லை. நீர் வற்றி, நிறம் ஏறி, மணம் வரும் பதத்தையே அங்கே சொல்கிறோம். இந்தக் கறியிலும் நடப்பது அதுதான். பாகு கடைசிக் கால் மணி நேரத்தில்தான் வருகிறது. அதன் பெயரை முழுப் பண்டத்துக்கும் சூட்டினால், அதற்கு முன் நான்கரை மணி நேரம் நடப்பது மறைந்துவிடும். வேலையை வரிசையாகப் பார்த்தால் எந்தச் சொல் எங்கே உட்காரும் என்று தெரியும்.

தோல் நீக்கிய வயிற்றுக்கறி 2 கிலோ. தோல் இருந்தால் இந்தச் சூட்டில் செருப்புத் தோலாகிவிடும். உப்பிட்டுப் பதப்படுத்திய பேக்கன் பாளம் உதவாது. அதில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும். 4 செ.மீ. சதுரங்களாக வெட்ட வேண்டும். அதைவிடச் சிறிதானால் கொழுப்பு முழுக்க உருகிக் கறி வற்றிவிடும்.

தடவும் பொடிக்கு உப்பு 20 கிராம், பழுப்புச் சர்க்கரை 60, பாப்ரிகா 20, மிளகுத்தூள் 10, பூண்டுப்பொடி 10. இதற்குத் "தடவுபொடி" போதும். மசாலா என்றால் அரைத்த விழுதும் அதில் அடங்கும்; இங்கே ஈரம் கூடாது.

கம்பித் தட்டில் துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு, 120 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம். செர்ரி அல்லது ஹிக்கரி விறகு. புகை மெல்லியதாக, நீலம் பாய்ந்து வர வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் விறகு சரியாக எரியவில்லை, காற்று போதவில்லை என்று பொருள். அந்தப் புகை கறியில் படிந்தால் கசப்பு போகவே போகாது. காற்றுத்துளையைத் திறந்து புகை தெளிந்த பிறகே கறியை வைக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் பொடியும் கறியின் சாறும் சேர்ந்து காய்ந்து, செம்பழுப்பு ஓடாகப் பிடிக்கும். பார்க் என்பது இதுதான். "பட்டை" வேண்டாம். சமையல் குறிப்பில் பட்டை என்றால் எல்லோரும் லவங்கப்பட்டையைத்தான் எடுப்பார்கள். "பொருக்கு" இருக்கிறதே! காய்ந்து இறுகி மேலே பிடிப்பதற்கு அதைவிட நல்ல சொல் தெரியவில்லை. நகத்தால் கீறினால் பொருக்கு பெயரக் கூடாது. பெயர்ந்தால் இன்னும் அரை மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் ஆவியில் ஊறிச் சேறாகும்.

பிறகு ஆழமான தட்டில் மாற்றி வெண்ணெய் 60 கிராம், பழுப்புச் சர்க்கரை 60 கிராம், தேன் 60 மில்லி சேர்த்து, அலுமினியத் தாளால் இறுக மூடி ஒன்றரை மணி நேரம். உள்சூடு 95 டிகிரியைத் தொட்டால் இணைப்புத்திசு கூழாகிக் கறி இளகும். 85-இல் எடுத்தால் கொழுப்பு கடிக்கும்போது ரப்பராக இழுக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தவறவே கூடாத வேலை: தட்டில் தேங்கிய கொழுப்பை முழுக்க வடிப்பது. வடிக்காவிட்டால் சாஸ் ஒட்டாமல் வழுக்கி ஓடும். வடித்ததும் 150 மில்லி பார்பிக்யூ சாஸைப் புரட்டி, மூடாமல் 15 நிமிடம். "பாகேற்றுதல்" என்ற சொல் இந்தக் கட்டத்துக்கு மட்டும்.

————

நெய் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். புகைமுறுகலுக்கு என் ஒப்புதல். பொருக்குக்கும் சேர்த்து.

ஸ்டாலுக்கு "வெப்பத் தேக்கம்" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அப்படி எழுதினால் வெப்பம் சேர்ந்துகொண்டே போவதாகப் பொருள்படும். நடப்பது அதுவல்ல. 65–75 டிகிரி வாக்கில் கறியின் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. அடுப்பு எரிந்தாலும் உள்சூடு ஏறாமல் நிற்கிறது. "சூட்டுநிலைப்பு" எனலாம். முழு நெஞ்சுக்கறியில் இது மணிக்கணக்கில் நீளும். சிறு சதுரங்களில் அவ்வளவு இராது. நீண்டாலும் சூட்டைக் கூட்டக் கூடாது, பொடியிலுள்ள சர்க்கரை கருகும் என்ற குறிப்பையும் பதிவோடு சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. "பன்றி வயிறு" என்று மட்டும் பதிவிட வேண்டாம். கறிக்கடையில் அப்படிக் கேட்டால் இரைப்பையைக் கொடுத்துவிடுவார்கள். "வயிற்றுக்கறி" என்று கறியைச் சேர்த்தே எழுதி, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள துண்டு என்ற விளக்கத்தையும் பக்கத்தில் வைக்கலாம்.