டர்போவா, மனிபோல்ட் கசிவா? ஸ்கானர் காட்டும் எண்களை நம்பலாமா?

வெங்காய லொறி:
என்னுடையது 3 லீற்றர் டர்போ டீசல் லொறி. சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்கு ஓடுகிறேன். இரண்டு கிழமையாக இழுவை இல்லை, மிதித்தால் கரும்புகை. புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள் ஒரு கராஜில். மாற்றும் முன், எஞ்சின் கணினியின் எண்களைக் காட்டும் ஸ்கானரைப் பொருத்தி, ஆனையிறவில் முழுப் பாரத்தோடு ஓட்டிப் பதிந்தேன். நிமிடத்துக்கு 2400 சுற்றில் உள்ளிழுக்கும் பக்கத்து அழுத்தம் 160 கிலோபாஸ்கல்; கணினி கேட்டது 210. காற்றோட்டம் செக்கனுக்கு 92 கிராம். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை 50 பாகை. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் மனிபோல்டில் கசிவு என்று நினைக்கிறேன். சரியா?

பழைய ஸ்பனர்:
தம்பி, புகைக் கசிவைக் காட்டும் சென்சர் உங்கள் லொறியில் எங்கே இருக்கிறது? இல்லாத ஒன்றை எண்களில் தேடுகிறீர்கள். அதுவும் சோளகம் அடிக்கும் மாதத்தில், ஆனையிறவில் காற்றுக்கு எதிரே ஓட்டி எடுத்த எண்கள்! பொனட்டைத் திறந்து காதைக் கொடுங்கள். கசிவு என்றால் அதுவே பேசும்.

அளவுகோல்:
ஐயா, சோளகம் நமக்கு நல்லதையே செய்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? டர்போவைச் சோதிக்கப் பாரம் வேண்டும். எதிர்க்காற்று அதைத் தந்தது. கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒரே கணத்தில் பதிந்தவை. காற்றினால் அவற்றுக்கிடையே வித்தியாசம் வராது.

160 என்பதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. கடல் மட்டத்தில் வளிமண்டலமே ஏறக்குறைய 100 தருகிறது. டர்போ சேர்த்தது 60; சேர்க்க வேண்டியது 110.

இப்போது கணக்கு. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை நிரப்புகிறது. 2400 சுற்றில் செக்கனுக்கு 60 லீற்றர். அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒரு லீற்றர் காற்று 1.73 கிராம். 90 வீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 93 கிராம். சென்சர் சொன்னது 92. அளந்த காற்று வழியில் எங்கும் போகாமல் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கோஸ் வெடித்திருந்தால் சென்சர் 110, 120 காட்டியிருக்கும். அதில் ஒரு பங்கு வழியில் இழப்பாகி, மீதிதான் எஞ்சினுக்குக் கிடைத்திருக்கும். ஆகவே டர்போவைச் சுழற்றும் புகையில்தான் குறை. மனிபோல்ட் கசிவு என்பது என் முடிவு.

பழைய ஸ்பனர்:
கணக்கில் பிழை சொல்லமாட்டேன், முடிவில் சொல்கிறேன். டர்போவின் அசையும் இதழ்கள் கரியில் இறுகினாலும் இதே எண்கள்தான். டர்போவின் உள்ளே சுழலும் சக்கரம் தேய்ந்தாலும் இதேதான். காற்று வடிகட்டி அடைத்தாலும் அழுத்தமும் காற்றோட்டமும் சேர்ந்தே இறங்கும். உங்கள் கணக்கு ஒரு பக்கக் கதவை மூடியது. மற்றப் பக்கத்தில் நான்கு கதவுகள் திறந்திருக்கின்றன. அதில் ஒன்றைப் பிடித்து இதுதான் என்றால், டர்போவை மாற்றச் சொன்ன கராஜுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

வெங்காய லொறி, வடிகட்டியை முதலில் கழற்றிப் பாருங்கள். பிறகு இரவு முழுவதும் ஆறிய எஞ்சினை விடியற்காலையில் இயக்கிக் கேளுங்கள். இரும்பு சூடேறி விரிந்தால் சிறு வெடிப்புத் தானே அடைபட்டுவிடும். கராஜுக்குச் சூட்டோடு கொண்டுபோனால் ஒன்றும் கேட்காது.

பரந்தன் சாரதி:
காபினுக்குள் புகை மணம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே! டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. தம்புள்ளை வரை அதைச் சுவாசித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், தம்பி. கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும் என்று இருக்கவேண்டாம்.

வெங்காய லொறி:
மணம் வருகிறது அண்ணை, மெதுவாக ஓடும்போது.

இன்று காலை ஐந்து மணிக்கு இயக்கினேன். வடிகட்டி சுத்தமாகவே இருந்தது. எஞ்சின் பிடித்ததும் பின்பக்கத்திலிருந்து "டிக் டிக்" என்று ஒரு சத்தம். மிதித்தால் விரைந்தது, ஏழெட்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆறவிட்டு வெப்பத் தகட்டைக் கழற்றினேன். நான்காவது சிலிண்டரில் மனிபோல்ட் பொருந்தும் இடத்தில், விசிறி விரித்ததுபோல் கறுப்புக் கரி. அந்த இடத்துப் போல்ட்டின் தலை இல்லை. இடையில் கசிவை அடைக்கும் காஸ்கட்டின் ஓரம் எரிந்து நூலாகத் தொங்கியது.

அளவுகோல்:
எண்கள் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது.

பழைய ஸ்பனர்:
எண்கள் பக்கத்தைச் சொன்னன. இடத்தைச் சொன்னது காதும் கரியும். அதில் நான் இறங்கமாட்டேன். தம்பி, உடைந்த போல்ட்டை எடுத்தபின் மனிபோல்ட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் புதுக் காஸ்கட்டும் ஒரு மாதம் தாங்காது.

வெங்காய லொறி:
பார்த்தேன் ஐயா, வளைவு இருந்தது. முகத்தைச் சீவி, எல்லாப் போல்ட்டும் புதிதாகப் போட்டாயிற்று. டர்போவில் கை வைக்கவில்லை. நேற்று அதே பாரம், அதே இடம், அதே 2400 சுற்று: அழுத்தம் 207, காற்றோட்டம் 119.

பழைய ஸ்பனர்:
நல்லது. நாலைந்து ஓட்டம் போனபின், எஞ்சின் ஆறிய நேரத்தில் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.