சைடு வேலையாக கார் பெயின்டிங் செய்பவர்கள் வீட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவை_ஸ்ப்ரேகன்:

வணக்கம் நண்பர்களே. எனக்கு சிங்காநல்லூர் பக்கம். பகலில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன் வேலை, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் கார் பெயின்டிங். ஆறு வருஷமாகச் செய்கிறேன். கீறல் விழுந்த பம்பருக்கு டச்சப் போடுவதில் ஆரம்பித்தது, இப்போது டூ டோன் (ரெண்டு நிறம்), பேர்ல் (முத்து மாதிரி மினுங்கும் பெயின்ட்), கேன்டி வரைக்கும் வந்துவிட்டது. இந்த வேலை எனக்கு உயிர், அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஒரு பழைய பத்மினி காருக்கு கேன்டி சிவப்பு அடித்தேன். கேன்டி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அடியில் சில்வர் பேஸ், அதாவது அடிப்பூச்சு, அதன் மேல் கலர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் சிவப்பு. ஒவ்வொரு கோட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவைப் பூச்சுக்கும், நிறம் அடர்ந்துகொண்டே போகும். கதவுக்கு ஐந்து கோட், பானெட்டுக்கு நாலு என்று ஆகிவிட்டால் வெயிலில் நிறுத்தியதும் ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டிய மாதிரி தெரியும், அப்புறம் டச்சப்பும் பண்ண முடியாது. அதனால் எல்லா பேனலையும் ஒரே மூச்சில் முடித்து, அதே கையோடு மேலே நிறமில்லாத கிளியர் கோட்டும் அடித்துவிடுவதுதான் என் வழக்கம்.

அன்று சனிக்கிழமை. மகளுக்கு ஆறு மணிக்கு ஆண்டு விழா, ஒன்றாம் வகுப்பு, மயில் நடனம். மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தால் ஐந்துக்குள் முடித்துக் குளித்துக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூணாவது கோட் ஓடும்போது கரண்ட் போனது. கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஒண்ணேகால் மணி நேரம் கழித்து வந்தது. கிளியரில் ஹார்டனர் (அதை இறுக வைக்கும் திரவம்) கலந்த பிறகு மூடி வைத்துவிட்டுப் போக முடியாது, டப்பாவிலேயே இறுக ஆரம்பித்துவிடும். போன் அடித்தது தெரிந்தும் எடுக்கவில்லை, கை முழுக்கக் கிளவுஸ். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பா மயில் உடையோடு அவள் அம்மா மடியில் தூங்கிவிட்டாள், கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாப்பா கேட்டாள், "அப்பா, அந்தச் செவப்புக் காரு காஞ்சிருச்சா?"

அன்றிலிருந்து ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை. ஆனால் இடத்துக்குக் கட்டும் தவணையில் பாதி இந்த வருமானத்தில்தான் போகிறது. ஆயுத பூஜைக்கு ரெண்டு வண்டிக்கு அட்வான்ஸ் வேறு வாங்கிவிட்டேன், ஒன்று மாருதி 800, டூ டோன். இன்னொன்று பழைய ஜீப், மிலிட்டரி பச்சை கேட்கிறார். விட்டுவிடுவதா, குறைப்பதா, குறைத்தால் எப்படி? இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_பட்டறை:

தம்பி, நான் முழுநேரப் பெயின்டர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். விடச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எல்லா வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் தொழிலில் பாதியில் எழுந்து போகக்கூடிய வேலை உண்டு, எழுந்து போகவே முடியாத வேலையும் உண்டு. பள்ளத்தை நிரப்பப் பட்டி வைப்பது, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, பெயின்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங், கடைசியில் பளபளப்பு ஏற்றும் பஃபிங், இதெல்லாம் பிள்ளை கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போய் வரலாம். பேஸ் அடித்துக் கிளியர் போடுவது அப்படி இல்லை, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு விட்டு நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு முழு வண்டியில் ஸ்ப்ரே என்பது ஒரே ஒரு நாள், மீதி எல்லாம் தேய்ப்புதான். அந்த ஒரு நாளை வீட்டு நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். பள்ளிக்கூட விழா, கோயில், கல்யாணம் இருக்கிற நாளில் கன் வெளியே வரக் கூடாது. காலையிலேயே முடித்துவிடலாம் என்றும் வேண்டாம், உங்களுக்குக் கரண்ட் போனது மாதிரி எனக்குக் கம்ப்ரசர் பெல்ட் அறுந்திருக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை. பூஜைக்கு வண்டி பளபளவென்று நிற்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள், நமக்கோ அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும், காய நேரம் இழுக்கும், மூணு ஞாயிறு வேலை அஞ்சு ஞாயிறு ஆகும். நான் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும் முழு பாடி எடுப்பதே இல்லை, அலாய் வீல், பம்பர், பைக் டேங்க் மட்டும்தான். அந்த ரெண்டு மாசம் சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன்.

ஜீப்புக்கு நீங்கள் யோசிக்கவே வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121, ஆலிவ் பச்சை, அதாவது அவர் கேட்கிற மிலிட்டரி பச்சை, ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். தனியார் வண்டிக்கு அடித்தால் உரிமையாளருக்கும் வம்பு, உங்களுக்கும் கெட்ட பெயர். மாருதிக்காரரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள், ஆர்.சி.யில் இருக்கிற நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்துப் பதிவில் மாற்ற வேண்டும்.

சம்பளக்_கணக்கு:

நான் பெயின்டர் இல்லை, வாரக் கடைசியில் கார் ஆடியோ ஃபிட்டிங் செய்கிறேன், அதே கதைதான். ஒன்று மட்டும் கேட்கிறேன் சகோ, அந்தப் பத்மினிக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் போனது என்று எழுதி வைத்தீர்களா?

கோவை_ஸ்ப்ரேகன்:

எழுதவில்லை, ஆனால் சொல்ல முடியும். அஞ்சு ஞாயிறு, நடுவில் சாயங்காலங்கள், 100 மணி நேரத்துக்குக் குறையாது. வாங்கியது 55,000. பெயின்ட், கிளியர், பிரைமர், தின்னர், பேப்பர், டேப் எல்லாம் 31,000. தேய்க்க வந்த பையனுக்கு 5,000.

சம்பளக்_கணக்கு:

அப்படியென்றால் கையில் நின்றது 19,000, மணிக்கு 190 ரூபாய். கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தாலே இதை ஒட்டி வராதா? கேன்டிக்கு நீங்கள் விலையைக் குறைத்துச் சொல்கிறீர்கள், கைவேலை மீது இருக்கிற ஆசையில். நானும் மூணு வருஷம் அப்படித்தான் செய்தேன், நாலு வண்டி எடுத்து ரெண்டு வண்டிக்கான காசைத்தான் பார்த்தேன். விலையை ஏற்றினால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வராத வண்டியெல்லாம் உங்களுக்கு வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை. ஒரே வண்டியில் 35,000 நின்றால் தவணைக்கும் சரியாக வரும்.

பெயின்டர்_வீட்டம்மா:

அண்ணா, உங்கள் மனைவி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் சொல்லட்டுமா. என் வீட்டுக்காரரும் இதே வேலைதான், ஈரோட்டில். வேலை பார்ப்பதற்காக நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்வார் பாருங்கள், அதுக்குத்தான். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளை அப்பா வந்துருவாங்க என்று உட்கார வைத்துவிட்டு, திரும்பத் திரும்பச் சூடு பண்ணி, பத்து மணிக்கு நானே மூடி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பதாகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தால் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், யாருக்கும் கோபமே வந்திருக்காது. இப்போது ஸ்ப்ரே அடிக்கிற நாளில் காலையிலேயே, "இன்னைக்கு என்னை எண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போகிறார். மத்த நாளில் ஏழு மணிக்குக் கை கழுவிவிட வேண்டும், நடுவில் யார் வந்து நின்றாலும் சரி.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை என்பதால் கேட்கிறேன். ஷெட் வீட்டை ஒட்டி இருக்கிறது என்கிறீர்கள், முகத்தில் என்ன போடுகிறீர்கள்? என் வீட்டுக்காரர் பத்து வருஷம் கைக்குட்டைதான் கட்டினார். நாலு வருஷம் முன்னாடி ராத்திரியில் இழுப்பு வர ஆரம்பித்தது, தூசி என்று நினைத்து ஓட்டினோம். டாக்டர்தான் கேட்டார், ஹார்டனர் கலக்கிறீர்களா என்று. அதில் இருக்கிற ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும், ஒருதடவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும், வாசனையை வைத்து இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கவும் முடியாது என்றார். துணி மாஸ்க் அதுக்கு நிற்காது. கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி டப்பா) வைத்த மாஸ்க்கையே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் சரியானது. என் வீட்டுக்காரர் இப்போது தேய்ப்பும் பஃபிங்கும்தான், அடிப்பதற்கு ஆள் வருகிறார். உங்கள் பாப்பா ஒன்றாம் வகுப்பு. ஸ்ப்ரே அடிக்கிற நாளில் பின்பக்க ஜன்னலைச் சாத்துங்கள், பிள்ளையை ஷெட் பக்கம் விடாதீர்கள், அந்தச் சட்டையோடு தூக்காதீர்கள். மாற்றிக் குளித்துவிட்டு வாருங்கள், துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். நேரத்தைப் பற்றி எத்தனை பேசினாலும் உடம்பு போய்விட்டால் என்ன செய்வது?

மதுரை_பட்டறை:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. என்னோடு தொழில் படித்தவர்களில் ரெண்டு பேர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

கோவை_ஸ்ப்ரேகன்:

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு வாரமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். ஜீப்காரருக்கு விதியைக் காட்டி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. மாருதியை மட்டும் செப்டம்பருக்குள் முடிக்கிறேன், ஸ்ப்ரே நாளை மனைவிதான் குறித்துக் கொடுத்தாள். அக்கா, உங்கள் பதிலை அவளிடம் அப்படியே காட்டினேன். சாப்பாட்டைச் சூடு பண்ணும் இடம் வந்ததும் போனை வாங்கி மறுபடியும் படித்தாள், அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். நான் கைக்குட்டை இல்லை, ஆனால் மெடிக்கல் கடை மாஸ்க்தான் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் மாஸ்க்குக்கு விலை கேட்டிருக்கிறேன், அது வரும்வரை ஹார்டனர் டப்பாவைத் திறப்பதில்லை.

போன ஞாயிறு பாப்பாவோடு அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் போனோம். வீட்டுக்கு வந்ததும் தனக்கும் ஒரு கார் வேண்டும் என்றாள். ஓரமாகக் கிடந்த பழைய மாருதி பானெட் ஒன்றைக் கழுவித் திண்ணையில் வைத்துக் கொடுத்தேன், மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் மயில் வரைந்திருக்கிறாள், தோகை பானெட்டை விட்டு வெளியே போகிறது. அவள் வரைந்த கோடுகளின் மேலேயே டேப்பை நான் கத்தியால் வெட்டி வைத்திருக்கிறேன். மதுரை அண்ணா, கழுத்துக்கு நீலப் பேர்ல் அடிக்கலாம் என்று இருக்கிறேன். அடியில் கறுப்பு பேஸ் கொடுத்தால் நன்றாக இருக்குமா, சில்வரா?

மதுரை_பட்டறை:

கறுப்பு கொடுங்கள். நிழலில் கருநீலமாக நிற்கும், வெயில் பட்டதும் நீலம் எழும்பும். பேர்ல் ரெண்டு மெல்லிசு கோட் போதும்.