மேல்லைன் வீடுகள் குழு: சனி ராத்திரி சத்தம்

*சனி, இரவு 11:52*

*டீச்சர் அக்கா:* பிரபு, இப்ப வந்தது உன் கார்தானே?

*பிரபு:* ஆமாங்க்கா. மன்னிச்சுக்கோங்க.

*டீச்சர் அக்கா:* கோத்தகிரி மலை ரோட்ல குஞ்சப்பனை தாண்டி நீ ஏறும்போதே இங்க கேக்குது. இவர் எந்திரிச்சு ஜன்னலைத் திறந்து பாக்குறார்.

*பால்கார அண்ணன்:* என் மாடு ரெண்டும் எந்திரிச்சு நிக்குதுங்க. வேலிகிட்ட காட்டெருமை வந்தாகூட அசை போட்டுட்டே கிடக்கும் அதுக.

*நடுவீட்டுப் பாட்டி:* 🎤 குரல் பதிவு 0:34

*பிரபு:* கேட்டேன் பாட்டி 🙏 காலைல நேர்ல வந்து திட்டு வாங்கிக்கறேன்.

*ஞாயிறு, காலை 8:15*

*பிரபு:* எல்லாருக்கும் ஒரு விளக்கம். கோவைல போன மாசம் பிரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகை தடையில்லாமப் போற சைலென்சர்) மாத்தினேன். இவ்ளோ கத்தும்னு நெனைக்கல. உள்ள உக்காந்தாலும் 3000 ஆர்பிஎம்ல காது அடைக்குது. சத்தத்தைக் கொறைக்க முடியுமான்னு கேட்டா, கொறைச்சா இழுவை போயிடும்னு கடைக்காரர் சொல்றார்.

*டீச்சர் அக்கா:* கம்பெனி சைலென்சரையே திரும்ப மாட்டிடேன். ஒரே நாள் வேலை.

*பிரபு:* அம்மா அதைப் பழைய இரும்புக்குப் போட்டு வெங்காயம் வாங்கிட்டாங்கக்கா.

*டீச்சர் அக்கா:* 🤦‍♀️

*வெல்டிங் மாமா:* தம்பி, புகை போறது வேற, சத்தம் போறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பறாங்க. புகைக்கு வழி நேரா இருக்கணும், அவ்ளோதான். சத்தத்தைப் பக்கவாட்டுல இழுத்துக்கலாம். உன்னோடதுல பின்னாடி சைலென்சர் டப்பா எவ்ளோ நீளம்?

*பிரபு:* ஒரு சாண் இருக்கும் மாமா.

*வெல்டிங் மாமா:* அதான் பாரு. உள்ள சல்லடைக் குழாய், அதைச் சுத்தி கிளாஸ் வூல். புகை எங்கயும் முட்டாம நேராப் போயிடும், சத்தம் ஓட்டை வழியா பஞ்சுக்குள்ள போய்ச் சாகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒரு சாண் பஞ்சு கிறீச்சுனு வர்ற மேல்சத்தத்தை மட்டும்தான் திங்கும். உறுமலைத் திங்காது. அதே உள்விட்டத்துல ரெண்டு அடி நீள டப்பா போடு. வண்டி நடுவுல நேர்க்குழாய் ரெசொனேட்டர் ஒண்ணு, அதுவும் சத்தத்தைத் தணிக்கற டப்பாதான். குழாய் எங்கயும் சுருங்காதவரைக்கும் இழுவை போகாது. பஞ்சும் கொஞ்ச வருசத்துல கருகிப் பறந்துடும், அப்ப மாத்தணும். பிரிச்சு மாட்டற மாதிரி மூடி இருக்கறதா பாத்து வாங்கு.

*பிரபு:* டிபி கில்லர்னு ஒண்ணு விக்கறாங்களே, வால்ல சொருகறது? 1500 ரூபாதான்.

*வெல்டிங் மாமா:* அது வாய்ல துணி வச்சு அடைக்கற வேலை. சத்தமும் போகும், மூச்சும் போகும். கடைக்காரர் சொன்ன இழுவை நட்டம் அதுக்குத்தான் பொருந்தும்.

*வெல்டிங் மாமா:* ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கா?

*பிரபு:* இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

*பிரபு:* எடுத்தாச்சு மாமா.

*வெல்டிங் மாமா:* அப்புறம் கத்தாம என்ன செய்யும்! உள்ள தேன்கூடு மாதிரி இருக்கறதால அதுவும் பாதி சைலென்சர். சத்தத்தை விடு, அது இல்லாம ஓட்டறதே தப்பு. முதல்ல அதை மாட்டு, மத்ததெல்லாம் அப்புறம்.

*டீச்சர் அக்கா:* சட்டம் தெரியுமா உனக்கு? மோட்டார் வாகனச் சட்டம் 190(2). புகை, சத்தம் ரெண்டும் அதுலதான் வரும். முதல் தடவைக்கே 10,000 ரூபா வரை அபராதம், 3 மாசம் வரை உள்ள வைக்கலாம், லைசென்ஸும் 3 மாசத்துக்குப் போயிடும். குடியிருப்புப் பகுதில ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. நேத்து போன் ஆப்ல என் கேட்டுகிட்ட 84 காட்டுச்சு.

*பிரபு:* போன் ஆப்லாம் துல்லியம் கிடையாதுக்கா.

*டீச்சர் அக்கா:* சரி, பாதியாக் கொறைச்சுக்கோ. 42.

*வெல்டிங் மாமா:* 😂 டெசிபலைப் பாதி பண்ணக் கூடாது டீச்சர். 10 கொறைஞ்சாலே காதுக்குப் பாதியாயிடும். தம்பி, அதே ஆப், அதே எடம், மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்து வை. வித்தியாசம் பாக்க அது போதும்.

*பிரபு:* சரிங்க மாமா. இறக்கத்துல ரெண்டாம் கியர்ல வரும்போது பட்பட்னு வெடிக்குது, அது?

*வெல்டிங் மாமா:* குழாய் ரெண்டும் சேர்ற ஃபிளாஞ்சுல கரி படிஞ்சிருக்கான்னு பாரு. அதுக்கு நடுவுல வைக்கற கேஸ்கெட் ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போனா, எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ளயே பத்திக்கும். கோத்தகிரி ரோட்ல பாதி தூரம் இறக்கம், உனக்குத் தெனமும் தீபாவளி.

*பால்கார அண்ணன்:* தண்ணி லாரி இன்னிக்கு வருதாங்க?

*டீச்சர் அக்கா:* 3 மணிக்கு மேல.

*பிரபு:* மாமா, அந்த 3000 ஆர்பிஎம் காதடைப்பு? இழுவையும் மேல வந்தா கோவை மாதிரி இல்ல.

*வெல்டிங் மாமா:* இழுவைக்கு சைலென்சரைத் திட்டாத. நாம இருக்கறது ஆறாயிரம் அடிக்குப் பக்கம். காத்து ஆறுல ஒரு பங்கு இளசு. காத்தை அமுக்கி உள்ள தள்ற டர்போ இல்லாத வண்டி எதுவா இருந்தாலும் சோம்பலாத்தான் ஏறும்.

காதடைப்புக்குக் கணக்கு இருக்கு. நாலு சிலிண்டர், 3000 ஆர்பிஎம், நொடிக்கு 100 வெடிப்பு. மெயின் குழாய்ல ஒரு கிளைக் குழாய் வெல்ட் பண்ணி அடுத்த முனையை மூடிடணும். சத்தம் அதுக்குள்ள போய், மூடில முட்டித் திரும்பி வர்றதுக்குள்ள அரை அலை பின்தங்கிடும், அதனால புதுசா வர்ற சத்தத்துக்குத் தலைகீழா மோதி ரெண்டும் அணைஞ்சுடும். அலையோட கால்வாசி நீளம் வேணும். சூட்டுல ஒலி வேகமா ஓடும், புகை 200 டிகிரின்னு வச்சா நொடிக்கு 435 மீட்டர். நானூறால வகுத்தா ஒரு மீட்டரும் ஒன்பது சென்டிமீட்டரும். வளைச்சு மடிச்சு அடில ஒட்டிடலாம். புகை அதுக்குள்ள ஓடவே ஓடாது, அதனால ஃப்ளோவுக்கு நட்டம் சுத்தமா இல்ல. ஆனா அந்த ஒரு ஆர்பிஎம் பக்கத்துலதான் வேலை செய்யும். மத்ததுக்கு டப்பாதான்.

*டீச்சர் அக்கா:* இதைப் பத்தாம் வகுப்புல சொல்லிக் குடுத்திருந்தா நானே பாசாயிருப்பேன்.

*பிரபு:* நீங்களே அடிச்சுத் தர்றீங்களா மாமா?

*வெல்டிங் மாமா:* கன்வெர்ட்டரோட வா. அது இல்லாம ஷெட்டுக்குள்ள விட மாட்டேன். மூடியை உடனே வெல்ட் பண்ணல. கிளாம்புல வச்சு, கட்டபெட்டு வரைக்கும் ஓட்டி, நீளத்தை முன்னபின்ன நகத்திப் பாத்துட்டு ஒட்டலாம்.

*அடுத்த ஞாயிறு, இரவு 8:40*

*பிரபு:* எல்லாம் மாட்டியாச்சு. டீச்சர் அக்கா கேட்டுகிட்ட 84 இருந்தது 71. உள்ள காதடைப்பு போயிடுச்சு. குழாயை மாமா ரெண்டு விரக்கடை வெட்டினார்.

*டீச்சர் அக்கா:* 71ம் 45 இல்ல. ராத்திரி 10க்குள்ள வந்து சேரு.

*பிரபு:* சரிங்க்கா. நாளைக்குக் காலைல 5 மணிக்குக் கிளம்பணும். எஞ்சின் குளிர்ந்திருந்தா முதல் ஒரு நிமிஷம் கொஞ்சம் கத்தும். அதனால ஸ்டார்ட் பண்ணாம நியூட்ரல்ல மெயின் ரோடு வரை உருட்டிடறேன்.

*வெல்டிங் மாமா:* டேய், வேண்டாம். எஞ்சின் ஓடலன்னா பிரேக் ரெண்டு மிதிக்கு மேல கல்லாயிடும், ஸ்டியரிங்கும் லேசுல திரும்பாது. நம்ம சரிவுல உருட்டினா நேராப் போய்த் தேயிலைக்குள்ளதான் நிக்கும். ஸ்டார்ட் பண்ணி, உறும விடாம மெதுவா எடு.

*நடுவீட்டுப் பாட்டி:* 🎤 குரல் பதிவு 0:09

*பிரபு:* சரி பாட்டி, 6 மணிக்கே கிளம்பறேன்.