பொருள்: திகில் படங்களின் ‘டிரோப்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் தொடங்கியவர்:
நண்பர்களுக்கு வணக்கம். பழைய திகில் படங்களில் படத்துக்குப் படம் திரும்ப வரும் கதைக்கூறுகள் எங்கிருந்து பிறந்தன என்று ஆராயும் நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். அத்தகைய கதைக்கூற்றைக் குறிக்கும் ‘டிரோப்’ என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘உத்தி’ என்று எழுதிவந்தேன்; மூன்றாம் இயலில் அது இடறுகிறது. தனியே நடக்கும் பெண், பின்னால் கேட்ட காலடியோசை நின்றுபோனதும் அஞ்சித் திரும்பும் கணத்தில், சீறலோடு ஒரு பேருந்து திரைக்குள் பாய்ந்து நிற்கும் காட்சி 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் உண்டு. அதை உத்தி எனலாம். ஆனால் சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழியும் என்பது அக்கதையுலகின் விதியல்லவா?

மறுமொழி 1:
ஐயா, அந்த விதியும் உத்தியாகப் பிறந்ததே. 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலில் இரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு பகலில் லண்டன் தெருவிலேயே நடமாடுகிறான். பகலில் அவனுடைய ஆற்றல் குன்றுமே தவிர உயிர் போவதில்லை. 1922இல் ‘நொஸ்ஃபராட்டு’ படத்தில்தான், ஒரு பெண் விடியும்வரை இரத்தக்காட்டேரியைத் தன்னருகே தங்கவைக்க, காலைக் கதிர் பட்டு அவன் மறைந்துபோகிறான். கதையை முடிக்கச் செய்த உத்தி, பின்வந்தோருக்கு விதியாயிற்று. தொல்காப்பியமும் நன்னூலும் 32 உத்திகள் சொல்கின்றன; இந்த ஒன்றை அச்சொல் தாங்காதா?

மறுமொழி 2:
நூலோர் சொன்ன உத்தி நூலைச் செய்யும் முறையைப் பற்றியது, நூலுக்குள் நிகழ்வதைப் பற்றியதன்று. எனவே ‘மரபு’ என்பதே பொருந்தும். “எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே” என்பது நன்னூல். முன்னவர் சொன்னபடியே சொல்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

மறுமொழி 3:
மரபு என்றால் வழிவழி வந்தது என்றே வாசகர் கொள்வார். இந்த நூல் மறுக்க வந்ததே அந்த எண்ணத்தைத்தான். 1941இல் வந்த ‘தி உல்ஃப் மேன்’ படத்தில், நல்ல மனிதனும் ஓநாயாக மாறலாம் என்று ஊரார் சொல்லும் பாட்டைப் பழைய நாட்டுப்புறப் பாடல் என்றே பலர் நம்பினர். எழுதியவர் திரைக்கதையாசிரியர் கர்ட் சியோட்மாக். அதில் இலையுதிர்கால நிலவு என்றிருந்த இடம் 1943இன் தொடர்ச்சியில் முழுநிலவாக மாறியது. பிறந்த ஆண்டும் பெற்றவர் பெயரும் தெரிந்த பிள்ளைக்கு மரபு என்று பெயரிடுவதா?

நான் ‘கதைவாய்பாடு’ என்பேன். செய்யுளில் ‘அகர’ என்ற சீரைப் புளிமா என்னும் வாய்பாட்டால் அலகிடும்போது எவரும் புளியையோ மாவையோ நினைப்பதில்லை, ஏனெனில் வாய்பாடு என்பது பொருளை விட்டு அமைப்பை மட்டும் காட்டும் அச்சு. கொலைகாரனிடமிருந்து கடைசியாக எஞ்சும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 1974இன் ‘டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ படத்தில் அவள் ஒரு வண்டியின் பின்புறம் ஏறித் தப்புகிறாள், 1978இன் ‘ஹாலோவீன்’ படத்தில் பின்னல் ஊசியால் அவனைக் குத்துகிறாள். ஆளும் கருவியும் வேறு, அமைப்பு ஒன்று. அதைக் கண்டு 1987இல் திரைப்பட ஆய்வாளர் கேரல் குளோவர் ‘இறுதிப் பெண்’ (ஃபைனல் கேர்ள்) என்று பெயரிட்டார். இடியையும் மின்னலையும் கொண்டு பிணத்துக்கு உயிரூட்டுவதும் இத்தகையதே. 1818இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் அப்படியொரு காட்சி இல்லை. 1931இன் படம்தான் மேசையோடு உடலைக் கூரைவழியே புயலுக்குள் உயர்த்தியது. பின்வந்தோர் புயலை வைத்துக்கொண்டு உடலை மட்டும் மாற்றினர்.

மறுமொழி 4:
அகப்பாட்டிலும் புறப்பாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சியமைப்புக்கு நம்மிடம் ‘துறை’ என்ற சொல் இருக்கும்போது ஏன் அலைகிறோம்? புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் அச்சுறுத்தும் ‘பேய்க்காஞ்சி’, புறப்பாட்டின் இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் ஒரு துறை. அதுவே தொல்காப்பியத்தில் ‘பேஎய் ஓம்பிய பேஎய்ப் பக்கம்’, அதாவது அங்கே பேய் காவல் நிற்கிறது. காப்பது எப்படி அச்சுறுத்துவதாக மாறிற்று என்பது தனி ஆய்வுக்குரியது. ‘ஓம்பு’ என்பதன் வேர்ப்பொருளில் விடை இருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மறுமொழி 5:
தயவுசெய்து தனி மடலிலேயே எழுதுங்கள். துறை என்றால் இன்றைய வாசகருக்கு அரசு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘கேட் பீப்பிள்’ தயாரிப்பாளர் வால் லூட்டனின் குழுவினர் அந்தப் பேருந்துக் காட்சிபோன்ற அதிர்ச்சிக் காட்சிகளுக்கெல்லாம் ‘பஸ்’ என்று பெயர் வைத்து வேலையைப் பார்த்தார்கள், வேர்ச்சொல் தேடவில்லை. டிரோப் என்றே எழுதினால் என்ன குறை?

மடல் தொடங்கியவர்:
அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் உத்திக்கே ஆதரவு மிகுதி; ஆயினும் அது மூன்றாம் இயலைத் தாங்கவில்லை. ஆகவே அந்த இயலில் மட்டும் ‘கதைவாய்பாடு’, மற்ற இயல்களில் ‘உத்தி’ என்று வைத்து அனுப்பப்போகிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்:
ஒரு நூலில் ஒரு பொருளுக்கு இரு சொல் என்பதை நான் ஏற்கவில்லை. இன்னொரு சிக்கலையும் யாரும் கவனிக்கவில்லை: வேற்றுமை ஏறினால் அது ‘கதைவாய்பாட்டுக் காட்சி’ ஆகும். திரைப்பட நூலைப் படிப்பவர் அதைப் பாட்டுக் காட்சி என்றே படிப்பார். அந்த இடங்களிலாவது உத்தி என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.