எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு எந்த டேப் (ஆம்பிளிஃபையரில் ஸ்பீக்கரை மாட்டும் 4, 8, 16 ஓம் முனை)? டைனகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்பை மோனோ ஆக்குவது பற்றி

குழாய்ப்பெட்டி:
நேற்று ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "ஸ்டீரியோ வால்வு ஆம்பின் இரண்டு சானலையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். ஒரு சானலை மட்டும் மாட்டு, மறுபக்கத்து வால்வுகளைக் கழற்றி வை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இதை நம்பி எத்தனை பேர் நல்ல ஆம்பைப் பாழாக்குவார்களோ!

முதலில், சேர்த்தால் புகையாது. 1961-இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி-275 சானலுக்கு 75 வாட். இரண்டையும் சேர்த்தால் 150 வாட் மோனோ என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனியே விற்றது. டைனகோ ஸ்டீரியோ 70, 1959-இல் வந்தது, சானலுக்கு 35 வாட். அதன் முன்பக்கத்தில் மோனோ சுவிட்சே இருக்கிறது.

அடுத்தது, மறுபக்கத்து இஎல்34 பவர் வால்வு இரண்டையும் கழற்றினால் பவர் சப்ளை மேல் சுமை குறையும், பிளேட் (வால்வின் உள் தகடு) வோல்டேஜ் ஏறும். அறுபது வயதான கன்டென்சர் அதைத் தாங்குமா?

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு காமனையும் (பொது முனை) சேருங்கள், இரண்டு 16 ஓம் டேப்பையும் சேருங்கள், அங்கே 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டுங்கள். 16 ஓம் டேப். மறக்காதீர்கள்.

எடிசன்வாசி:
சார், எனக்காகத்தான் எழுதினீர்களா என்று தோன்றுகிறது. நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் விற்பனையில் ஸ்டீரியோ 70 கிடைத்தது. என்னிடம் ஒரே ஒரு பழைய 8 ஓம் ஸ்பீக்கர்தான். அப்பா விட்டுப்போன 78 சுற்று இசைத்தட்டுகள், எல்லாம் கல்கத்தா டம்டம்மில் அழுத்தியவை, எல்லாம் மோனோ. அவற்றைக் கேட்க ஒரு ஸ்பீக்கர் போதும். ஆனால் ஸ்பீக்கரில் 8 என்று எழுதியிருக்கும்போது எதற்கு 16-இல் மாட்ட வேண்டும்?

மைக்செட்மகன்:
மாட்டாதீர்கள். 4 ஓம் டேப்பில் மாட்டுங்கள். என் அப்பா முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க வால்வு ஆம்ப் ஓடும். இரண்டு ஆம்பைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் பாதி ஓமைத்தான் பார்க்கும் என்று எனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தார். 8-இல் பாதி 4. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

குழாய்ப்பெட்டி:
பாதி இல்லை தம்பி, இரட்டிப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டை இரண்டு ட்ரான்ஸ்பார்மரும் பாதிப் பாதி கொடுக்கின்றன. வோல்டேஜ் அதே, கரண்ட் பாதி. அப்படியானால் ஒவ்வொன்றும் 16 ஓம் சுமையைப் பார்க்கிறது. அதனால் 16 ஓம் டேப். அப்பாவிடம் திரும்பக் கேளுங்கள்.

மைக்செட்மகன்:
அப்பா இல்லை. போய் ஐந்து வருடம் ஆகிறது. அவரைப் பற்றிப் பேச வேண்டாம். 4 ஓம்தான்.

குழாய்ப்பெட்டி:
வருந்துகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 16 ஓம்தான்.

ரிச்சிதெருரசிகன்:
இரண்டு பெரியவர்களும் 8-ஐ விட்டுவிட்டு எங்கேயோ போகிறீர்கள். ஸ்பீக்கரில் 8 என்று போட்டிருக்கிறது, ஆம்பில் 8 என்று ஒரு டேப் இருக்கிறது. நான் என் ஸ்டீரியோ 70-ஐ ஆறு வருடமாக 8 ஓம் டேப்புகளைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறேன். ஒரு வால்வுகூடப் போகவில்லை. சத்தம் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

குழாய்ப்பெட்டி:
எப்படிப் போகும்? இரண்டு சானல் சேர்ந்து ஒரு சானலின் வேலையைத்தானே செய்கின்றன! 8-இல் மாட்டினால் இஎல்34-கள் 4300 ஓமுக்குப் பதில் 8600 ஓமைப் பார்க்கும். எரியாது, உண்மை. ஆனால் கிடைப்பது 35 வாட்டை ஒட்டியே இருக்கும். 70 வாட் வேண்டும் என்றால் 16.

ரிச்சிதெருரசிகன்:
70 வாட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? 35-லிருந்து 70 போனால் கூடுவது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அந்த 3 டெசிபலுக்கு இவ்வளவு சண்டையா?

குழாய்ப்பெட்டி:
சண்டை 3 டெசிபலுக்கு இல்லை, சரியான டேப்புக்கு.

பழையரேடியோ:
ஒரு நிமிடம். குழாய்ப்பெட்டி சார் சொல்வது பாரலல், அதாவது ஒரே மாதிரி முனைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. மைக்செட்மகன் சொல்வது பிரிட்ஜ் மாதிரி இருக்கிறது, அதாவது ஒரு சானலின் இன்புட்டைத் தலைகீழாக்கி, ஸ்பீக்கரை இரண்டு சானலின் சிக்னல் முனைகளுக்கு நடுவில் மாட்டுவது. அப்போது ஒவ்வொரு சானலும் 4 ஓம் பார்க்கும் என்பது சரி. பாரலலில் 16 என்பதும் சரி. "சேர்ப்பது" என்றால் எந்த இணைப்பு என்று முதலில் முடிவு செய்யலாமே?

மைக்செட்மகன்:
சேர்ப்பது என்றால் சேர்ப்பது. பெயர் எதற்கு? 4.

குழாய்ப்பெட்டி:
நான் முதல் பதிவிலேயே காமனையும் காமனையும் என்று தெளிவாக எழுதிவிட்டேன். 16. பிரிட்ஜ் செய்ய எடிசன்வாசி சிக்னலைத் தலைகீழாக்கும் இன்னொரு இன்வெர்ட்டர் சர்க்யூட் கட்ட வேண்டும். யார் கட்டுவார்?

எடிசன்வாசி:
நான் கட்ட மாட்டேன் சார். சால்டரிங் அயர்ன்கூட இல்லை.

குழாய்ப்பெட்டி:
அப்படியானால் கவனமாகக் கேளுங்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்க விடக்கூடாது. ட்ரான்சிஸ்டருக்கு ஷார்ட் எமன், வால்வுக்குத் திறந்த முனை எமன். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு சானலுக்கும் 16 ஓம் டேப்பில் ஒரு பவர் ரெசிஸ்டர் மாட்டுங்கள், மோனோ சுவிட்சைப் போட்டு ஒரே சிக்னலைக் கொடுங்கள். இரண்டு 16 ஓம் முனைகளுக்கும் நடுவே மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சேருங்கள். பெரிய எண் காட்டினால் ஒரு சானல் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது, அல்லது கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பொருந்தவில்லை. அப்படியே சேர்த்தால் ஒன்றின் கரண்ட் மற்றதற்குள் பாயும்.

பயாஸையும் (சிக்னல் இல்லாதபோது வால்வுகள் இழுக்கும் கரண்டை நிர்ணயிக்கும் அமைப்பு) பாருங்கள். ஒவ்வொரு சானலுக்கும் 1.56 வோல்ட், அதாவது 15.6 ஓம் வழியே 100 மில்லி ஆம்பியர். பயாஸுக்கான பழைய செலினியம் ரெக்டிஃபையர் இன்னும் இருந்தால் மாற்றாமல் ஆம்பை ஓட்டாதீர்கள். பயாஸ் போனால் பிளேட் சிவந்துவிடும்.

ரிச்சிதெருரசிகன்:
பயாஸ் பற்றி நீங்கள் பேசலாமா? போன வருடம் "நான்கும் மேட்ச்" என்று எனக்கு அனுப்பிய இஎல்34-களில் ஒன்று மற்றதைவிட 15 மில்லி ஆம்பியர் கூட இழுத்தது. காசையும் திருப்பித் தரவில்லை.

குழாய்ப்பெட்டி:
அனுப்பும்போது அளந்துதான் அனுப்பினேன். வழியில் கூரியர்காரர் போட்டு உடைக்காத குறையாகக் கொண்டுவந்ததற்கு நான் பொறுப்பா? உங்கள் ஆம்பின் முன்நிலை வால்வுகள், 7199 இரண்டும், எந்த நிலையில் இருக்கின்றன என்று அன்றே கேட்டேன். பதில் இல்லை.

ரிச்சிதெருரசிகன்:
7199 கிடைக்கிற விலைக்கு அடாப்டர் போட்டு 6ஜிஹெச்8ஏ வைத்துவிட்டேன். அதற்கும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

குழாய்ப்பெட்டி:
வைத்துக்கொள்ளுங்கள். டைனகோவின் டேவிட் ஹாஃப்லர் 7199-ஐப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வகை வால்வு, ட்ரயோடும் பென்டோடும், ஒரே குப்பிக்குள். அந்த எளிமைதான் இந்த ஆம்பின் அழகு.

பழையரேடியோ:
6ஜிஹெச்8ஏ-விலும் ட்ரயோடும் பென்டோடும் ஒரே குப்பிக்குள்தானே இருக்கின்றன சார். பின் வரிசைதான் வேறு, அதனால்தான் அடாப்டர்.

குழாய்ப்பெட்டி:
நான் பேசிக்கொண்டிருப்பது டேப்பைப் பற்றி. 16.

மைக்செட்மகன்:
4. திருவிழாவில் கோன் ஸ்பீக்கர் கட்டி, மழையில் ஆம்பைத் தார்பாயால் மூடி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேஜையில் மீட்டரோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

குழாய்ப்பெட்டி:
அந்த மீட்டரைத்தான் நான் நம்புகிறேன். 1974-லிருந்து வால்வைத் தொடுகிறேன் தம்பி.

எடிசன்வாசி:
சார், ஒரு சந்தேகம். இப்போதைக்கு ஒரே ஒரு சானலில், 8 ஓம் டேப்பில் மாட்டி, மறு சானலுக்கு 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் போட்டு வைத்தால்? வால்வு எதையும் கழற்றாமல். 78 தட்டுக்கு 35 வாட்டே அதிகம் என்று தோன்றுகிறது.

ரிச்சிதெருரசிகன்:
இதைத்தான் செய்ய வேண்டும். பார்த்தீர்களா, 8 ஓம்!

குழாய்ப்பெட்டி:
அது சேர்ப்பது இல்லை, அது வேறு கதை! ஒற்றைச் சானல் என்றால் 8 சரிதான், அதை நான் மறுக்கவே இல்லை. நீங்கள் சொன்னது இரண்டையும் சேர்த்து 8. பேச்சை மாற்றாதீர்கள். எடிசன்வாசி, அவசரப்படாதீர்கள், மறுபாதி ட்ரான்ஸ்பார்மர் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாளை இணைப்பைப் படம் வரைந்து போடுகிறேன்.

மைக்செட்மகன்:
வரையுங்கள். நானும் வரைகிறேன். அப்பாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. 4 ஓம் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

எடிசன்வாசி:
ரெசிஸ்டர் ஆர்டர் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரும்.

குழாய்ப்பெட்டி:
எத்தனை ஓம்?