கிரீன் கார்டு மனு நிலுவையில் ஊர் வந்து திரும்பியவங்க உதவுங்க

மக்களே, அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் தக்கலைக்காரத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறோம். ஐ-485 என்ற கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கு. அம்மாவுக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன்.

அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) கையில் வராமல் கிளம்பினால் மனுவையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வாங்க என்பது தெரியும். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசா போன்ற சில விசா உள்ளவங்களுக்குத்தான் விலக்கு; எஃப்-1க்குக் கிடையாது. அதனால் அவசர பரோலுக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ் கிளை அலுவலகத்தில் நேரம் கேட்டிருக்கார். பரோலுக்கான ஐ-131 மனு, ஐ-485 ரசீது, பாஸ்போர்ட், 2 அங்குலச் சதுரப் படங்கள் எல்லாம் தயார்.

சிக்கல் ஆஸ்பத்திரிக் கடிதத்தில்தான். "சிகிச்சை பெற்று வருகிறார்" என்று மட்டும் எழுதியிருக்காங்க. நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, டாக்டரின் கையெழுத்து, முத்திரை இல்லாத கடிதத்தை வைத்து அவசரம் என்று எப்படிக் காட்ட முடியும்? உங்கள் மனுவில் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட கடிதத்தின் வாசகத்தை, பெயரை மறைத்துப் போடுங்க. உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் தமிழில்தான் இருக்கு. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரி என்று கையெழுத்திட்டுத் தரணும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அப்படிச் செய்து தருபவர் யார்?

இன்னொண்ணு, திரும்பும் வழி. திருவனந்தபுரத்தில் ஏறி அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அபுதாபியிலேயே முடியும். பரோல்காரங்களைத் தனி அறைக்கு அனுப்பினால் அடுத்த விமானத்துக்கு மூணு மணி நேர இடைவெளி போதுமா? விசா முத்திரை காலாவதியானதைப் பார்த்துத் திருவனந்தபுரம் கவுண்டரில் நிறுத்தினாங்களா? அந்த வழியில் பரோல் தாளோடு போனவங்க மட்டும் சொல்லுங்க, கேள்விப்பட்டது வேண்டாம்.